ஜிப்ஸியின் 4 வீல் டிரைவைக் கழற்றி 2 வீல் ஆக்கலாமா?

சேற்றுச்சக்கரம், மார்ச் 3, இரவு 9.12

மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். 4 வீல் லீவரைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. இப்போது 40-ஐத் தாண்டினால் முன்பக்கம் ஒரு ஊளைச் சத்தம். முன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கும் கியர்) போய்விட்டது என்று நினைக்கிறேன். அதைச் சரி செய்வதற்குப் பதில் முன் ஷாஃப்ட், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் இறக்கிவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்கு நேராக ஒரே நீள ஷாஃப்ட் போடலாம் என்று யோசனை. எடை குறையும், ஆயில் லீக் நிற்கும், மைலேஜும் கூடும். ஷாஃப்ட் செய்துதர லேத் ஆள் தயார். இதில் எங்கே அடி விழும்?

பட்டறைக்காரன், மார்ச் 3, இரவு 9.40

ஏறும்போதே விழும். செய்யாதீர்கள். காரணம் காலையில்.

லீஃப்கட்டு, மார்ச் 3, இரவு 10.05

எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹையில் (சாதாரண ஓட்டத்துக்கான நிலை; லோ மெதுவான இழுவைக்கு) 1-க்கு 1 தானே? வருகிற சுற்றை அப்படியே பின்னால் அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை நீட்டினால் கியரிங்கில் ஒன்றும் மாறாது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

பல் எண்ணி, மார்ச் 4, காலை 6.50

வில்லிஸ் வழி ஜீப்பில் இருக்கும் ஸ்பைசர் 18 பெட்டிக்கு நீங்கள் சொல்வது சரி. ஹை 1-க்கு 1, லோ 2.46. அமெரிக்க ஜீப்புகளின் செயின் வைத்த என்பி231-லும் ஹை 1-க்கு 1, லோ 2.72. ஜிப்ஸி அந்தக் குடும்பம் இல்லை. 1.3 வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை 1.409, லோ 2.268. பழைய 1 லிட்டர் சுஸுகி எஸ்ஜே410 வழியில் ஹையே ஏறக்குறைய 1.6, லோ ஏறக்குறைய 2.5. ஹையில் ஓடும்போதும் சுற்று கவுன்டர் கியர் வழியாக இறங்கித்தான் பின்னால் போகிறது. அதாவது அது 4 வீல் பெட்டி மட்டும் இல்லை, வண்டியின் இரண்டாவது கியர்பாக்ஸ். அதைத் தூக்கினால் எல்லா கியரும் ஒரேயடியாக உயரும், அதாவது விகித எண் குறைந்து இழுவையும் குறையும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கியர்பாக்ஸ் 3.652, 1.947, 1.423, 1.000, 0.795. டிஃபரன்ஷியலுக்கு, ஜிப்ஸியின் வெளிநாட்டு உறவான சுஸுகி சாமுராய் 1.3-இன் 3.727-ஐ வைத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதை க்ரவுன் பினியன் பல்லை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். 41-க்கு 11 என்றால் 3.727, 43-க்கு 11 என்றால் 3.909, 37-க்கு 9 என்றால் 4.111.

இப்போது இருக்கிற மொத்த விகிதம்: முதல் கியர் 19.18, இரண்டாவது 10.22, மூன்றாவது 7.47, நான்காவது 5.25, ஐந்தாவது 4.17.
பெட்டியை எடுத்தபின்: 13.61, 7.26, 5.30, 3.73, 2.96.

இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். புது மூன்றாவது கியர்தான் பழைய நான்காவது. புது நான்காவது, பழைய ஐந்தாவதையே தாண்டிவிட்டது. புது ஐந்தாவது அலங்காரத்துக்கு. முதல் கியரோ பழைய முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே போய் நிற்கிறது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச்சைப் பாதியில் பிடித்துத் தேய்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

லீஃப்கட்டு, மார்ச் 4, காலை 7.30

சரி, நேற்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஜீப்பை மனதில் வைத்து எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, என்னைப் போல இன்னொருவர் நினைத்துக்கொண்டு வந்தால் பார்க்கட்டும்.

ஆனால் ஒன்று: 1.409-ஐ எடுத்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று 29 சதவீதம் குறைகிறது. அப்படியானால் மைலேஜும் அந்த அளவுக்குக் கூட வேண்டாமா?

பல் எண்ணி, மார்ச் 4, காலை 8.15

கூடாது. 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 476 சுற்று. இப்போது ஐந்தாவது கியரில் இன்ஜின் 1,990 சுற்றில் இருக்கும். மாற்றியபின் அதே ஐந்தாவதில் 1,410. அந்தச் சுற்றில் இந்த 1.3 பெட்ரோல் இன்ஜின் செங்குத்தான ஒரு பெட்டியைக் காற்றில் தள்ள வேண்டும். திணறும், நாக் அடிக்கும், நீங்கள் கீழே இறக்குவீர்கள். நான்காவதில் 1,775. சமதளத்தில், வெறும் வண்டியில், காற்று எதிரே வராதபோது ஓடும். ஆள் ஏறினால் மூன்றாவது. அது பழைய நான்காவது என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆக, பழைய ஐந்தாவதை இழந்து பழைய நான்காவதில் நாள் முழுக்க ஓட்டுவீர்கள். மைலேஜ் எங்கிருந்து வரும்?

பட்டறைக்காரன், மார்ச் 4, மதியம் 1.20

காலையில் சொல்கிறேன் என்றது இதைத்தான். பல் எண்ணி முந்திக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியது இல்லை. தனியாக சேஸிஸில் ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். ஆகக் கீழே மொத்தம் மூன்று ஷாஃப்ட். தனிப்பெட்டி என்பதால் இறக்குவது சுலபம். அந்தச் சுலபம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

குட்டி ஷாஃப்ட்டின் முன்முனை கியர்பாக்ஸ் வாலுக்குள் சொருகி நிற்கும், போல்ட் கிடையாது. உருவினால் கியர் ஆயில் கொட்டும். கழற்றுவதானால் முதலில் டிரெயின் செய்யுங்கள், இல்லையென்றால் வாலை அடைக்க ஒரு மூடி கையில் வைத்திருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் 0.8 லிட்டர்தான், அதற்குத் தனி டிரெயின் ப்ளக்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. பெட்டி போனால் மீட்டர் செத்தது. பின் ஹவுசிங்கின் பினியன் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும், கியர்பாக்ஸ் வால் நடுவில் இருக்கும். ஷாஃப்ட் மேலிருந்து கீழாகவும் போக வேண்டும், பக்கவாட்டிலும் போக வேண்டும். இரண்டு கோணமும் சேர்ந்து கிராஸை (ஷாஃப்ட் முனையின் சிலுவை மூட்டு) தின்னும். எஸ்ஜே410 வழி பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும். அந்த வகை என்றால் பெட்டியோடு ஹேண்ட் பிரேக்கும் போகும். கேபிள் எங்கே போகிறது என்று கீழே படுத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரன், மார்ச் 4, மதியம் 1.34

விட்டுப்போனது. ஒரே நீள ஷாஃப்ட் போட்டால் அது பழைய பின் ஷாஃப்ட்டைவிட வேகமாகச் சுற்றும், ஏனென்றால் நடுவில் குறைக்கிற பெட்டி இல்லை. நீளம் வேறு கூடிவிட்டது. வைப்ரேஷன் நிச்சயம்.

பல் எண்ணி, மார்ச் 4, மாலை 6.10

கடைசிப் பதிவில் பாதி சரி, பாதி தப்பு அண்ணே. பின் ஷாஃப்ட்டின் சுற்றை முடிவு செய்வது சாலை வேகமும் டிஃபரன்ஷியலும்தான், இன்ஜின் இல்லை. 100 கி.மீ.யில் சக்கரம் 794 சுற்று, 3.727-ஆல் பெருக்கினால் 2,960. பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். மாறுவது இன்ஜின் பக்கம்.

நீளம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஷாஃப்ட் ஒரு கட்டத்தில் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வளைந்து சுற்ற ஆரம்பிக்கும். அந்த எல்லைச் சுற்று, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதே குழாயில் நீளம் இரட்டித்தால் எல்லை கால்வாசியாகிவிடும். குழாயின் விட்டத்தைக் கூட்டினால் எல்லை மேலே போகும், ஆனால் சுவரைத் தடிமனாக்கினால் போகாது. லேத்தில் 'கனமான பைப் போட்டிருக்கேன், ஆடாது' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்கான வழி, இரண்டு துண்டு ஷாஃப்ட்டும் நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங்கும்.

பட்டறைக்காரன், மார்ச் 4, மாலை 6.25

ஒப்புக்கொள்கிறேன். சுற்று விஷயத்தில் வாய் முந்திவிட்டது.

லேத்துக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. இரண்டு முனை நுகமும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் வெல்ட் ஆக வேண்டும். ஒரு ஸ்ப்ளைன் பல் தள்ளி மாட்டினாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கும். பேலன்ஸ் போட்டாலும் அது போகாது, ஏனென்றால் அது பேலன்ஸ் கோளாறே இல்லை. பலர் இதற்காக மூன்று தடவை பேலன்ஸ் போடுகிறார்கள். பிரித்து மாட்டும்போது ஃப்ளாஞ்சிலும் ஸ்லிப் ஜாயின்ட்டிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டால் இந்த வேலையே வராது.

எஃப்சி நாள், மார்ச் 5, காலை 10.00

சட்டம் பக்கமும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து பதிவுச் சான்று விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஸ்பீடோமீட்டர் ஓடாத வண்டியை எஃப்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடியும். முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் வைப்பது வேறு, ஆக்ஸிலை அறுத்து வெல்ட் வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்த வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அந்த வெல்டைத்தான் படம் எடுப்பார்.

சேற்றுச்சக்கரம், மார்ச் 5, இரவு 9.30

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொடவில்லை. முன் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றினால்? அதிலாவது மைலேஜ் உண்டா?

பட்டறைக்காரன், மார்ச் 5, இரவு 10.15

முன் சக்கர ஹப்பைக் கையால் திருப்பி ஃப்ரீயில் வைத்திருந்தால் சக்கரத்தோடு ஆக்ஸில் சுற்றாது, முன் ஷாஃப்ட் சும்மாதான் நிற்கிறது. நிற்கிற ஷாஃப்ட்டைக் கழற்றி என்ன மிச்சம்? அதன் எடை மட்டும். ஒரு ஜெர்ரி கேனைக் காலி செய்தாலும் அது கிடைக்கும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் இப்படி. பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெட்டி 2எச் (2 வீல் ஹை), கியர் நியூட்ரல், ஹப் இரண்டும் ஃப்ரீ. இரண்டு முனையிலும் ஃப்ளாஞ்ச், முனைக்கு நான்கு போல்ட். கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாததால் ஷாஃப்ட்டையே திருப்பித் திருப்பி ஒவ்வொரு போல்ட்டாக எடுங்கள். கடைசிப் போல்ட்டுக்கு முன் ஷாஃப்ட்டைக் கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு முனையில் தொங்கவிட்டால் கிராஸுக்கு அடி. இரண்டு ஃப்ளாஞ்சும் வண்டியிலேயே இருக்கும், அதனால் ஆயில் ஒழுகாது. அவ்வளவுதான் வேலை.

ஆக்ஸில் ஷாஃப்ட்களையும் உருவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உருவாதீர்கள். ஹவுசிங் முனையில் இருக்கும் ஆயில் சீல் அந்த ஷாஃப்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் (சக்கரம் திரும்பும் மூட்டு) வந்து, கிரீஸைக் கரைத்து, ஃபெல்ட் வழியாகப் பிரேக் வரைக்கும் போகும். உருவித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயிலை முழுக்க வடித்து, ட்யூப் முனையை அடைக்க வேண்டும்.

லீஃப்கட்டு, மார்ச் 6, காலை 7.05

இதில் ஜிப்ஸிக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. முன் ஹப்பின் பேரிங் ஸ்பிண்டில் மேல் தனி நட்டில் நிற்கிறது. ஆக்ஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சக்கரம் பத்திரம். யூனிட் பேரிங் (ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டு) வைத்த வண்டிகளில் அப்படி இல்லை. ஜீப் செரோக்கி, அதன் பிக்கப் வடிவமான கோமான்ச்சி இரண்டிலும் ஆக்ஸில் முனையும் அதன் நட்டும்தான் பேரிங்கின் இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடிக்கின்றன. 237 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஆக்ஸிலை உருவிவிட்டு ஓட்டினால் பேரிங் விரிந்து சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அங்கே ஜாயின்ட்டைப் பிரித்து, வெளி முனையை மட்டும் மறுபடி சொருகி நட்டை இறுக்குவார்கள். முன் சக்கரத்துக்குத் தனித்தனி சிவி ஆக்ஸில் வைத்த பிக்கப்புகள் பலவற்றிலும் இதே சிக்கல். கோமான்ச்சிக்கு இன்னொரு வசதி: 2 வீல் மாடலுக்குக் கம்பெனியே டிஃபரன்ஷியல் இல்லாத வெறும் குழாய் ஆக்ஸிலைச் செய்திருந்தது, அதே காயில் ஸ்பிரிங், அதே ஆர்ம். பழைய வண்டியிலிருந்து எடுத்து போல்ட் போட்டு மாற்றிவிடலாம். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸை எடுக்க வேண்டும் என்றால் கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட்டே வேறு, பெட்டியை முழுசாகப் பிரித்தால்தான் மாற்ற முடியும். அதற்கு 2 வீல் கியர்பாக்ஸ் முழுசாக வாங்குவது மலிவு.

பல் எண்ணி, மார்ச் 6, காலை 7.40

முன் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் லீவரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 4எச் போட்டால் ஒன்றும் நடக்காது, முன் ஃப்ளாஞ்ச் காற்றில் சுற்றும். 4எல் போட்டால் 2 வீல் லோ கிடைக்கும். மெதுவாக ரிவர்ஸ் எடுக்க, ட்ரெய்லரைத் தள்ளிவிட நல்ல வசதி. ஆனால் இரண்டு ஆக்ஸில் பகிர வேண்டிய முறுக்கை, அதுவும் 2.268 மடங்கு பெருகியதை, பின் ஷாஃப்ட் ஒன்றே தாங்குகிறது. லோவில் வேகமாகக் கிளட்ச்சை விட்டால் முதலில் கிராஸ், அடுத்து அரை ஷாஃப்ட். லீஃப் ஸ்பிரிங் முறுக்கில் வளைந்து பினியன் மூக்கு மேலே எழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லீவர் நியூட்ரலில் மாட்டியிருந்தால் கியரில் போட்டு நிறுத்துவதில் பயன் இல்லை, வண்டி உருளும். சரிவில் ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான்.

சேற்றுச்சக்கரம், மார்ச் 6, இரவு 8.50

பெட்டியை எடுத்துவிட்டு டிஃபரன்ஷியலை 4.111 ஆக்கினால்? எஸ்ஜே410 க்ரவுன் செட் கிடைக்கும் என்கிறார்கள்.

பல் எண்ணி, மார்ச் 6, இரவு 9.20

விடமாட்டீர்கள் போல! முதல் கியர் 15.01 ஆகும், இன்னும் பழைய 19.18-க்குப் பக்கத்தில் இல்லை. நான்காவது 4.11, பழைய ஐந்தாவதுக்குச் சமம். அதாவது ஐந்து கியர் வண்டியை நான்கு கியர் வண்டியாக்குகிறீர்கள், முதல் கியரும் பலவீனம். பழைய நடத்தை அப்படியே வேண்டும் என்றால் 5.25 வேண்டும். அதைப் போட்டால் 100 கி.மீ.யில் அந்த நீள ஷாஃப்ட் 2,960-க்குப் பதில் 4,170 சுற்று சுற்றும். பட்டறைக்காரர் அன்று சொன்ன 'வேகமாகச் சுற்றும்' இந்த இடத்தில் உண்மையாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பின் டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றினால், பெட்டியைத் திரும்ப வைத்தாலும் முன் ஷாஃப்ட்டை மாட்டவே கூடாது. இரண்டு விகிதமும் வேறு என்றால் 4எச் போட்ட சில மீட்டரில் ஷாஃப்ட்கள் ஒன்றையொன்று முறுக்கும், தார் ரோட்டில் ஏதோ ஒன்று உடையும் வரை. வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

பட்டறைக்காரன், மார்ச் 7, காலை 6.30

நாம் எல்லோரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. அந்த ஊளை டிஃபரன்ஷியலில்தான் என்று யார் சொன்னது? ஹப் இரண்டையும் கையால் திருப்பி ஃப்ரீ ஆக்கி, 2எச்-இல் 50-க்குப் போங்கள். ஃப்ரீயில் முன் டிஃபரன்ஷியல் சுற்றாது. சத்தம் அப்படியே இருந்தால் வீல் பேரிங் அல்லது டயர். முன்பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தால் பேரிங் கரகரப்பு கையில் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வருகிறதா, ஆட்டம் ஹப்பிலா நக்கிளிலா என்று பாருங்கள். நக்கிளில் என்றால் கிங் பின் பேரிங். எந்த ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் அது சரியாகாது.

சேற்றுச்சக்கரம், மார்ச் 8, மாலை 5.45

பார்த்தேன். வலது ஹப் ஃப்ரீ. இடது ஹப் லாக். எப்போது திருப்பியது என்று தெரியவில்லை. ஃப்ரீ ஆக்கி ஓட்டினேன், ஊளை இல்லை.

லீஃப்கட்டு, மார்ச் 8, மாலை 6.00

ஆக, ஆறு நாள் விவாதம், ஒரு கைத்திருப்பு. 😄

பல் எண்ணி, மார்ச் 8, இரவு 8.10

சிரிக்காதீர்கள், ஒரு ஹப் மட்டும் லாக்கில் இருப்பது இரண்டும் லாக்கில் இருப்பதைவிட மோசம். இடது ஆக்ஸில் சக்கரத்தோடு சுற்றுகிறது. பினியனையும் ஷாஃப்ட்டையும் சுற்றவைப்பதைவிட வலது ஆக்ஸிலைப் பின்னோக்கிச் சுற்றுவது சுலபம் என்பதால் டிஃபரன்ஷியல் அந்த வழியைப் பிடிக்கும். அப்போது க்ரவுன் அநேகமாக நிற்கும், நடுவில் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் முழு வேகத்தில் சுற்றும். அவற்றுக்கு பேரிங் கிடையாது, வெறும் ஒரு முளை (பின்) மேல் சுற்றுகிறவை, வளைவில் கொஞ்சம் திரும்புவதற்காக வைத்தவை. க்ரவுன் நிற்பதால் ஆயிலை வாரி இறைக்கவும் ஆள் இல்லை. ஊளை அங்கிருந்துதான்.

முன் ஆயிலை வடித்துப் பாருங்கள், 2 லிட்டர் பிடிக்கும். ப்ளக்கில் சாம்பல் நிறப் பசை மட்டும் என்றால் புது 80டபிள்யூ-90 ஊற்றி விட்டுவிடலாம். கையில் உறுத்துகிற துகள் வந்தால் பிரித்து, பின்னையும் த்ரஸ்ட் வாஷர்களையும் பார்க்க வேண்டும்.

சேற்றுச்சக்கரம், மார்ச் 10, காலை 9.15

வடித்தேன். பசை மட்டும். முன் ஷாஃப்ட்டைக் கழற்றலாமா என்று இன்னமும் ஒரு சபலம். கிராஸில் லேசாக ஆட்டம் இருக்கிறது.

பட்டறைக்காரன், மார்ச் 10, காலை 9.50

கிராஸை மாற்றி மாட்டிவிடுங்கள். அதற்குள் கழற்றி வைக்கிறீர்கள் என்றால் ஸ்ப்ளைனில் கிரீஸ் பூசி, பாலிதீன் சுற்றி, படுக்கவைக்காமல் தொங்கவிடுங்கள். எந்த முனை முன்னால் என்று பெயின்ட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு ஹப்பையும், இரண்டையும், லாக் செய்து ஒரு பத்து கி.மீ. ஓட்டுங்கள். ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் க்ரவுன் சுற்றி சீலுக்கு ஆயில் போகும். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஃப்ரீ.